மாசி முடிவதற்குள் விதை, பங்குனிக்குள் மூடாக்கு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் விடியற்காலை இன்னும் லேசாகப் பனி இறங்குகிறது. பத்து மணி ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சேர்வராயன் மலை அடிவாரம் என்று பேர்தான், ஏற்காட்டுக் குளிர் நமக்குக் கிடையாது. வீட்டுத் தோட்டத்தில் விதை போட இந்த மாசியை விட்டால் அப்புறம் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நர்சரியில் காலிஃபிளவர், முட்டைக்கோஸ் நாற்று இப்போதும் கிடைக்கும். வாங்காதீர்கள். பூ கட்ட வேண்டிய நேரத்தில் பங்குனி வெயில் வந்துவிடும். இப்போது ஊன்ற வேண்டியது வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை; பந்தல் இருந்தால் பீர்க்கு, புடலை, சுரை. காயைச் சொத்தையாக்கும் பழ ஈ வறண்ட வெயிலில் குறைவாக இருக்கும் என்பதால் கொடிக்காய்க்கு இது நல்ல பட்டம். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளியில் குழிக்கு இரண்டாகப் போடுங்கள்.

வெண்டை இலையை அடிக்கடி பார்க்க வேண்டும். நரம்பு மட்டும் வலைபோல மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். சத்துக்குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். மருந்தும் கிடையாது, உரமும் கேட்காது. அந்தச் செடியை அன்றைக்கே வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் நோய் கண்ட இலையைச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டலாம்.

மாமரம் பூத்து நின்றால் கவாத்து வேண்டாம். பூ விரிந்திருக்கும்போது மருந்தும் வேண்டாம். ஈயும் தேனீயும் வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் தண்ணீர் விடத் தொடங்குங்கள். பிஞ்சு கொட்டுகிறதே என்று பதற வேண்டாம், பெரும்பகுதி கொட்டத்தான் செய்யும். மல்லியில் மொட்டு ஊதா நிறமாகித் துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது, கிள்ளி அழியுங்கள்.

விதைப்பை விட முக்கியம் மூடாக்கு. நம் செம்மண் ஈரத்தை வைத்துக்கொள்ளாது. வாழைச் சருகு, காய்ந்த இலை, எது கிடைக்கிறதோ அதை மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறிவிடும். தென்னைக்குத் தேங்காய் மட்டையைக் குழிவு கீழே பார்க்கக் கவிழ்த்து, மரத்தைச் சுற்றி ஆறடி வரை அடுக்கலாம். ஒரு மரத்துக்குச் சுமார் நூறு மட்டை பிடிக்கும். மாடியில் கருப்புப் பையில் செடி வைத்திருப்பவர்கள் பங்குனி பிறப்பதற்குள் நிழல்வலை கட்டிவிடுங்கள். தண்ணீர் காலையிலோ பொழுது சாய்ந்தோதான்.

சித்திரையில் கோடை மழை வந்தால் காற்றோடுதான் வரும். குலை தள்ளிய வாழைக்கும் பப்பாளிக்கும் இப்போதே முட்டுக் கொடுத்து வையுங்கள். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த முருங்கைக் கிளை இருந்தால், காய் பறித்ததும் வெட்டிவிடுங்கள்.