வெட்டுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள்

கேள்வி: விராலிமலை வட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 2018-இல் கஜா புயல் அடித்த இரவில் பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்கள் ஓட்டு வீட்டின் மேல் விழுந்தது. விடிந்ததும் தெருப் பையன்கள் கூடி, மரத்தை அறுத்து இழுத்துப் போட்டு, உடைந்த ஓட்டையெல்லாம் அள்ளிக் கொட்டி, மேலே தார்ப்பாயும் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். ஆனால் நாலைந்து நாள் கழித்துக் கணக்கெடுக்க வந்தவர்கள், “சேதம் எங்கேம்மா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பட்டியலில் எங்கள் பெயர் ஏறவே இல்லை. இப்போது அதே பையன்கள் மழைக்காலத்துக்கு முன்பே ஒரு குழு சேர்ந்து, மரம் அறுக்கும் மெஷின் வாங்க வசூல் செய்கிறார்கள். என் மகனும் அதில் இருக்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். ரோட்டு மரத்தில் கை வைத்தால் கேஸ் வருமா? யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு? பக்கத்து வீட்டில் இன்னொரு மரம் எங்கள் பக்கமே சாய்ந்து நிற்கிறது, அதற்கு என்ன வழி? மறுபடியும் பெயர் விட்டுப்போனால் யாரிடம் போவது? விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.
— ஒரு வாசகி, விராலிமலை

பதில்: அந்தப் பையன்கள் செய்ததில் தவறு இல்லை, அம்மா. கூரை மேல் மரம் கிடக்க, வீட்டுக்குள் மழை ஊற்ற, அதிகாரி வரும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ரம்பத்தை வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் படம் எடுத்திருந்தால் போதும், உங்கள் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, புதுக்கோட்டையைக் கடந்து திண்டுக்கல் பக்கம் போயிற்று. லட்சம் மின்கம்பங்களுக்கு மேல் சாய்ந்தன. தென்னை விழுந்தவர்களுக்கு மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் தருவதாக அன்றைய அரசு அறிவித்தது. அந்த 500 ரூபாயை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். விழுந்ததை அப்புறப்படுத்துவதற்கும் ஒரு செலவு உண்டு, அதுவும் நிவாரணத்தில் சேர்த்தி என்று அரசே ஒப்புக்கொண்ட தொகை அது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வர, எத்தனை மரம் விழுந்தது என்று யாராவது எண்ணிக் குறித்திருக்க வேண்டும். நிவாரணம் எப்போதும் இப்படித்தான்: சேதம் கண்ணில் பட வேண்டும், அல்லது காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் மகனின் குழுவுக்கு முதல் வேலை மெஷின் வாங்குவது அல்ல. ஒரு நோட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்த வீட்டில் கை வைத்தாலும் முதலில் படம். வாசல் நிலையும் கதவு எண்ணும் தெரிய எட்ட நின்று ஒன்று, மரம் கூரையில் உட்கார்ந்திருக்கும் இடம் தெரிய ஒன்று, வேரோ முறிவோ தெரிய ஒன்று, உள்ளே நின்று ஓடு போன இடத்தில் வானம் தெரிய ஒன்று. பிறகு நோட்டில் தேதி, நேரம், வீட்டுக்காரர் பெயர், உடைந்தவை என்னென்ன, பார்த்த இரண்டு பேர் கையெழுத்து. முடிந்தால் விஏஓவுக்கு அங்கிருந்தே போன் செய்து, “மரத்தை எடுக்கிறோம், படம் வைத்திருக்கிறோம்” என்று சொல்லி, அதே படத்தை அவருக்கு அனுப்பிவிடட்டும். படத்தை எடுத்த போனிலேயே அசலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கை மாறிய படத்தில் எடுத்த நேரம் முதலான விவரங்கள் போய்விடும். வழக்கு என்று வந்தால், 2023-இன் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். அசல் போன் இருந்தால் அது சுலபம்.

தொகை என்று பார்த்தால், 2022 முதல் 2026 வரைக்கும் ஒன்றிய அரசு வகுத்த அளவுகோலில், சமவெளிப் பகுதியில் வீடு முழுவதும் போனால் 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் என்றால் உறுதியான வீட்டுக்கு 6,500, உறுதியில்லாத வீட்டுக்கு 4,000. குடிசை சேதமானாலும் முழுவதும் போனாலும் 8,000. மாநில அரசு இதற்கு மேல் கூட்டித் தரலாம், பெரிய புயல்களில் தந்தும் இருக்கிறது. இதே அளவுகோலில் ஆலங்கட்டி மழையும் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. புயல் வந்தால்தான் நிவாரணம், கோடையில் சூறைக்காற்றோடு கல் மழை பெய்து ஓடு நொறுங்கினால் ஒன்றும் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிர்க் காப்பீடு செய்த வயலில் ஆலங்கட்டி விழுந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும், எண் 14447.

இதையெல்லாம் யாரோ போடும் பிச்சையாக நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள். 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 34-ஆம் பிரிவு, இடிபாடுகளை அகற்றவும், தங்குமிடம், உணவு, குடிநீர் தரவும் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 41-ஆம் பிரிவு நிவாரண, மறுசீரமைப்பு வேலைகளை உள்ளாட்சி அமைப்பின் கடமையாக வைத்திருக்கிறது. நிவாரணம் கொடுப்பதில் ஆண், பெண், சாதி, சமூகம், மதம் பார்க்கக் கூடாது என்கிறது 61-ஆம் பிரிவு. தண்ணீர் லாரி முதலில் எந்தத் தெருவில் நிற்கிறது, காலனிப் பக்கம் எப்போது போகிறது என்பது சட்டப் பிரச்சினையும்கூட. உங்கள் பையன்களின் குழுவுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் போக வேண்டிய வீடு தங்கள் சொந்தக்காரர் வீடு அல்ல. தனியாக இருக்கும் கிழவியின் வீடு, ஆண் துணை இல்லாத வீடு, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் வீடு.

பட்டியலில் பெயர் விட்டுப்போனால், படங்களோடும் வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை நகலோடும் தாசில்தாருக்கு உடனே மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் உங்கள் கிராமத்துப் பயனாளிகள் பட்டியலைக் கேட்கலாம்; 30 நாளில் தர வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கைகளைக் கீழமை நீதிமன்றங்களில் கேள்வி கேட்க 71-ஆம் பிரிவு தடை போடுகிறது. அதனால் கடைசி வழி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. மதுரை வரை போக வசதி ஏது என்று தயங்க வேண்டாம். 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஒன்று மட்டும் கவனம்: பொய்க் கணக்குக் காட்டி நிவாரணம் வாங்கினால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. பரிதாபப்பட்டுக்கூட யாருக்கும் இல்லாத சேதத்தை நோட்டில் எழுதிவிடக் கூடாது.

2018-இன் இழப்பை இனி வாங்கித் தர முடியும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காலம் கடந்துவிட்டது. உங்களை அலைய விடுவது பாவம்.

இனி ரோட்டு மரம். ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் மரம் விழுந்து கிடந்தால், வழி விடும் அளவுக்கு அறுத்து ஓரமாகத் தள்ளுவதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா 19-ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டை யாருடையது? திருச்சி–மதுரை நாற்கரச் சாலை ஓரத்து மரம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு, ஊர்ச் சாலை மரம் ஊராட்சிக்கு, கோயில் நிலத்து மரம் கோயிலுக்கு. புறம்போக்கில் நிற்கும் புளிய மரத்தின் மேல் யாருக்காவது 2சி பட்டாகூட (மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை) இருக்கலாம். வண்டியில் ஏற்றி விறகுக் கடையில் போட்டால் அது திருட்டு. டீச் செலவுக்கு ஆகும் என்று விற்ற விறகால் நல்ல பையன்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. அறுத்ததை அங்கேயே அடுக்கி, எத்தனை துண்டு என்று எழுதி, ஊராட்சிச் செயலரிடம் ஒப்படைக்கட்டும்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். தானாக முன்வந்து வேலை செய்கிறவருக்குத் தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டம் துணைக்கு வராது, ஏனென்றால் அவருக்கு முதலாளி இல்லை. அவர் அறுத்த மரம் வேறொருவர் மேல் சாய்ந்தால், கவனக்குறைவு என்று அவர் மேலேயே வழக்கு வரலாம். குழுவில் 18 முதல் 70 வயது வரை உள்ள ஒவ்வொருவரும் தங்கள் வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேரட்டும். ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 வயது ஆகாத பையனை மெஷின் பக்கமே விடாதீர்கள். குழுவினர் பெயர்ப் பட்டியலை விஏஓ, ஊராட்சி, காவல் நிலையம் மூன்றிலும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, அதிகாரி சொல்லும் இடத்தில் வேலை செய்வது பாதுகாப்பு.

விழுந்த மரத்துக்கு அடியில் மின்கம்பி கிடக்கிறதா என்று தெரியாமல் ஒரு கிளையைக்கூடத் தொட வேண்டாம். ஊரே இருட்டாக இருந்தாலும் எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தவறான இணைப்பில் கம்பிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் சொல்லி, லைன்மேன் வந்து பார்த்துச் சொன்ன பிறகே ரம்பம். சாலையில் அறுந்து கிடந்த கம்பியால் சைக்கிளில் வந்த ஒருவர் இறந்த வழக்கில், 2002-இல் உச்ச நீதிமன்றம், யார் அலட்சியம் என்று பார்க்காமலே மின்வாரியம் இழப்பீடு தர வேண்டும் என்றது. தீர்ப்பு இருக்கிறது, பணமும் வரும். பிள்ளை வருவானா?

சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு கோடு போட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். பதிவு இல்லாத குழு அவர் பணத்தை வாங்குவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி குற்றம். அத்தகையவர்கள் அந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக உதவலாம். உள்ளூர் வசூலுக்கும் ஒருவர் சொந்த ஜிபே எண் வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்தில் தனிக் கணக்கு, செலவு விவரம் கோயில் மண்டபத்திலோ ரேஷன் கடை வாசலிலோ ஒட்டப்பட வேண்டும்.

மயில்கள் நிறைந்த விராலிமலை என்பதால் இதையும் சொல்கிறேன். சாய்ந்த மரத்தடியில் மயில் அடிபட்டுக் கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிப் போய் வளர்க்க ஆசைப்படாதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. செத்துக் கிடந்தாலும் அரசுக்குச் சொந்தம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாக அந்தச் சாய்ந்த மரம். நல்ல மரம் புயலில் விழுந்தால் இயற்கைச் சீற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கை விரித்துவிடலாம். ஆபத்தான மரம் என்று நீங்கள் முன்பே எழுத்தில் சொல்லியிருந்தும் அவர் சும்மா இருந்தார் என்றால், அந்த வாதம் பலிப்பது கடினம். முதலில் ஊரில் அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துப் போய்ப் பேசுங்கள். வெட்டுக்கூலியில் பாதி தருகிறோம் என்றுகூடச் சொல்லலாம், வழக்கை விட அது மலிவு. உங்கள் எல்லைக்குள் நீண்டிருக்கும் கிளைகளை நீங்களே வெட்டலாம், ஆனால் வெட்டிய விறகு அவருடையது. பேச்சில் முடியாவிட்டால் மரத்தின் படத்தோடு, சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் இலுப்பூர் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்டிஓ) இருக்கிறது. தபால் நகலை இணைத்து அவரிடம் மனுக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் விசாரணை முடிய வேண்டும் என்பதால் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.