மலை தெரியும் வீடும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும்

திண்டுக்கல்லைச் சுற்றிப் புதிதாகக் கட்டி விற்கப்படும் வீடுகளின் நோட்டீஸ்களைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் சிறுமலை, மொட்டை மாடிக்குப் போனால் மலைக்கோட்டை என்று இருக்கும். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா நல்லதா என்று ஒரு வரி இருக்காது. கொடைரோட்டில் விற்பவர் "கொடைக்கு அருகில்" என்பார். கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கியவர் கொடைக்கானல் போய்ச் சேர இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டும். வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்த பணமும் வீட்டுப் பெண்களின் நகையும் இத்தகைய வரிகளை நம்பிக் கைமாறுகின்றன. ஆகவே இம்மாதப் பாடம் வீடு வாங்குவது பற்றி.

சரக்கைப் புகழ்வது வேறு, குறையை மறைப்பது வேறு. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். கவனியுங்கள், நனைத்தது மழை. மறைத்தது மட்டுமே வியாபாரியின் செயல். வீடு கட்டி விற்பவருக்கும் இதே கணக்குதான். நிலத்தடி நீர் கெட்டது அவர் குற்றமில்லை. தெரிந்தும் சொல்லாமல் விற்பது அவர் குற்றம்.

விற்பதற்கு முன்பே இருந்த, விலையைக் குறைக்கக்கூடிய குறை பின்னால் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதைக் கியாருல் ஐப் என்பார்கள். ஆனால், "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று விற்பவர் நிபந்தனை போட்டு, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டால் ஹனஃபி மத்ஹபின்படி அந்த உரிமை போய்விடும். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் பிழைத்தார்கள், இன்றும் பிழைக்கிறார்கள். அதற்காக உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷாப்புகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் இறங்கிய பகுதிகளில் கிணறுகள் உப்பேறிக் கிடக்கின்றன. தமிழகத் தோல் ஷாப்புகளின் மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுக்குமுன், முடிந்தால் மே மாதத்தில், மாதிரி எடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். காவிரி, ஆத்தூர் குழாய்த் தண்ணீர் வரும் என்று சொன்னால், பக்கத்து வீட்டில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரியுங்கள்.

உப்புத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் கேடல்ல, வீட்டுக்கும் கேடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கம்பி துருப்பிடித்து, சில ஆண்டுகளில் கூரை விரிசல் விடும். புது வீட்டில் பெயிண்ட் எல்லாவற்றையும் மூடியிருக்கும். தரையோடு ஒட்டிய சுவர் மூலையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள் என்று கொத்தனாரிடமே கேளுங்கள். உரிமையாளரைவிட அவர் நிஜம் பேசுவார்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் செலவில் சரிசெய்ய வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். (அந்த வட்டியை என்ன செய்வது என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆனால் 500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 12 சென்ட்டுக்குள் அடங்கும் சிறு திட்டங்களை ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நம் ஊரில் நாலு வீடு, ஐந்து வீடு கட்டி விற்பவர்கள் பலர் இந்த ரகம். அங்கே உங்களுக்குத் துணை ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதி வாங்குவதுதான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றைப் பலரும் பார்க்கிறார்கள். அந்த இடம் வக்ஃப் சொத்தா என்று வக்ஃப் வாரியத்தில் கேட்பவர்தான் குறைவு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்காமல் வாங்கியவர் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல ஹனஃபி ஃபிக்ஹில் இடமுண்டு. ஆனால் வாங்குவதற்கு நீங்கள் நியமித்த வக்கீல் (கோர்ட் வக்கீல் அல்ல, உங்கள் பிரதிநிதி) பார்த்துவிட்டால் நீங்கள் பார்த்ததாகவே ஆகும். பத்திர ஆபீஸும் அப்படிப்பட்ட சலுகை எதுவும் தராது. மச்சானை அனுப்பினால், வாட்ஸ்அப்பில் மலையைப் படம் எடுத்து அனுப்புவதோடு நிற்காமல் குழாயைத் திறந்து ஒரு மடக்கு குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்த நகலைக் கையெழுத்துக்கு முன்பே நம் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால், அஸருக்குப் பின் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். கட்டணம் கிடையாது.