ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுப் பேர்



வாரக் கடைசியில் கொட்டகலைப் பக்கத்து லயங்களில் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். இந்த வாரம் எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர்? நகரத்து வாசகருக்கு இது விளங்காது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்றே பெயர். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் மலையில் நின்று, கேட்ட கிலோ கொழுந்தைத் தராசில் காட்டினால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மழை நாளில் தண்ணீருக்கென்று ஒரு கழிவு வேறு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேடி நிலக்கிழார் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போகிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேச்சு. பிறகு 9 மணிக்கு, 12 மணிக்கு, 3 மணிக்கு, கடைசியாக மாலை 5 மணிக்கும் போகிறார். அப்போதும் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று பிரசங்கம் வைப்பவர்களும் உண்டு. நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. நாள் முழுதும் சந்தையில் நின்றும் யாரும் கூப்பிடாதவன் யாராயிருப்பான்? கிழவன், நோயாளி, கை தளர்ந்தவன். நம் மலைகளில் என்றால் ஏழாம் மாதக் கர்ப்பிணி. பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தைக்குப் பால் கொடுக்க இடையில் ஓடி வருகிறவள். முப்பது வருடம் கொழுந்து பறித்து விரல் மரத்துப்போனவள். இவர்களுக்குத்தான் அடிக்கடி அரைப் பேர் விழுகிறது.

அந்த நாளில் ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் வழக்கமான நாட்கூலி. வீட்டில் அடுப்பு எரிய அது வேண்டும். பாதிக் காசுக்குப் பாதிச் சோறுதான் வேகும். வயிற்றுக்கு அரைப் பேர் என்று ஒன்று கிடையாது. நிலக்கிழார் அந்த அடுப்பைத்தான் கணக்கிட்டார்.

காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடை சுமந்தவனுக்குத்தான் தோள்வலி தெரியும். ஆனாலும், பேசிய கூலியில் ஒரு சல்லியும் குறையவில்லை. பிந்தியவனுக்குக் கொடுத்தது முந்தியவனிடமிருந்து பிடித்ததல்ல, நிலக்கிழாரின் சொந்தப் பணம். நம் தோட்டங்களின் கணக்கோ வேறு விதம். 2021-இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை தீர்மானித்தது. அதன்பின் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் ஏறிற்று. ஒரு கையால் கொடுத்ததைத் தராசு திரும்ப வாங்கிக்கொண்டது.

“பேசிய கூலிதானே, வாயை மூடு” என்று சொல்ல இந்த உவமையைப் பயன்படுத்துவோரும் உளர். பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் விடுத்த ‘ரேரும் நோவாரும்’ நிருபத்தை அவர்கள் படிக்கட்டும். தொழிலாளி ஒத்துக்கொண்டான் என்பதால் மட்டும் கூலி நீதியாகிவிடாது. அது அவன் பிழைக்கப் போதாததாயின், வேறு வழியின்றி அவன் ஒத்துக்கொண்டதும் அநீதியே என்கிறார் அவர். 1981-இல் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர், ஒரு குடும்பம் வாழக்கூடிய சம்பளம் கிடைக்கிறதா என்பதே அந்தப் பொருளாதார முறை நீதியானதா என்பதைக் காட்டும் என்று எழுதினார். இந்நாட்டிலோ, பெண்ணின் முழுப் பேருக்கும் ஆணின் முழுப் பேருக்கும் ஒரே சம்பளம் என்று வந்ததே 1984-இல்தான். அதுவரை அதிகக் கொழுந்து பறித்த கைக்குக் குறைந்த காசு.

உவமை விண்ணரசைப் பற்றியது, சம்பளச் சட்டமல்ல என்பீர்கள். மெய்தான். கடவுளின் இரக்கத்தை நாம் சம்பாதிப்பதில்லை என்பதே அதன் கரு. ஆயினும் அதைச் சொல்ல ஆண்டவர் எடுத்துக்கொண்டது கூலிக்காரனின் மாலை வேளையை.

இன்னொன்றும் கவனியுங்கள். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவனிலிருந்து தொடங்கும்படி நிலக்கிழார் கணக்கப்பிள்ளைக்குச் சொல்கிறார். முந்தியவர்களை முதலில் அனுப்பியிருந்தால் சண்டையே இல்லை. சந்தோஷமாக வீடு போயிருப்பார்கள். அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார் போலும். வரும் வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நீங்களும் சற்று நின்று பாருங்கள். வரிசையின் கடைசியில் கூடையோடு நிற்பவள் யார்? அவள் பெயருக்கு நேரே செக்ரோலில் என்ன விழுகிறது?