நாற்காலியில் கழியும் நாளும் உடல் உழைப்பின் அளவும்

மும்பை மாநகரின் மத்திய ரயில்வே வழித்தடத்தில், சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது காட்கோபர். குஜராத்தி வணிகர்களும் மராத்தியரும் மிகுதியாக வாழும் இப்புறநகரில், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் போலவே, தமிழ்க் குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் வங்கி ஊழியராகவும் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்று பெரும்பாலும் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணியாற்றுகின்றனர். வேலையின் கருவி மாறிவிட்டது, நாற்காலி மாறவில்லை.

இத்தகைய ஊழியர் காலையில் நெரிசல் மிகுந்த மின்ரயிலில் நின்றபடி பயணம் செய்கிறார். எட்டு மணி நேரம் அமர்ந்து வேலை பார்க்கிறார். மாலையில் அதே நெரிசலில் திரும்புகிறார். வீடு சேரும்போது உடல் சோர்ந்துவிடுகிறது. இதற்கு மேலும் உடற்பயிற்சி எதற்கு என்று அவர் கேட்பாரானால், அது சோம்பலால் எழும் கேள்வி அன்று. எனினும் களைப்பு வேறு, உடல் உழைப்பு வேறு. அசையாது அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 என்று கொண்டால், நின்றுகொண்டிருப்பதற்கு அதைவிடச் சிறிதே கூடுதலாகச் செலவாகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதற்கோ அதைப்போல் மூன்றரை மடங்கு வேண்டும். பெருந்தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிவதும், இதயத் துடிப்பு உயர்வதும், மூச்சு சற்றே விரைவதும்தான் நலனுக்கு உதவும் உழைப்பின் அடையாளங்கள். ரயில் பெட்டியில் கைப்பிடியைப் பற்றி நிற்பதில் இவை நிகழ்வதில்லை.

ஓட்டுநரும் நடத்துநரும்

அமர்ந்து செய்யும் வேலைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலாகத் தெளிவுற எடுத்துக்காட்டியவர் பிரிட்டன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ். லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில் பணிபுரிந்தனர். ஏறத்தாழ ஒரே வருவாய்ப் பிரிவினர். ஆனால் ஓட்டுநர் தம் பணி நேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநரோ ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இதயத் தமனி நோய் ஆண்டுக்கு ஆயிரம் ஓட்டுநர்களுள் 2.7 பேருக்கும், ஆயிரம் நடத்துநர்களுள் 1.9 பேருக்கும் புதிதாகத் தோன்றியது. நடத்துநர்களுக்கு அந்நோய் வந்தபோதும் அதன் கடுமை குறைவாகவே இருந்தது. 1953-இல் இம்முடிவுகள் வெளியாயின. அஞ்சல் துறையிலும் இதே போக்கு காணப்பட்டது. கடிதம் சுமந்து நடந்த தபால்காரர்களைவிட மேசைப் பணியாளர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

ஐயம் ஒன்று எழுந்தது. பருமனானவர்களே ஓட்டுநர் வேலையைத் தேடிச் செல்கின்றனரோ? மோரிஸ் குழுவினர் நிறுவனம் வழங்கிய சீருடைகளின் அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தனர். ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு தொடக்கத்திலேயே சற்று அதிகம் என்று தெரியவந்தது. ஆகவே நோய்க்கான பொறுப்பு முழுவதையும் இருக்கையின் மீதே சுமத்திவிட இயலாது. ஆனால் பின்வந்த பல ஆய்வுகள், உடல் பருமன், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், உடல் உழைப்புக்குத் தனிப் பயன் உண்டு என்பதை உறுதிசெய்தன. காட்கோபர் வாசிகளுக்கு இந்த ஆய்வின் களம் எளிதில் விளங்கும். மும்பையிலும் 1937 முதல் மாடிப் பேருந்துகள் ஓடின; டீசலில் ஓடிய அவற்றுள் கடைசியானவை 2023 செப்டம்பரில் விடைபெற்றன.

நம் நாட்டிலும் இதையொட்டிய ஆய்வு ஒன்று நடைபெற்றது. மேற்கு வங்காளத்தின் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையின் தன்மையையும் ஜீன் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய ஆய்வாளர் இருவரும் ஒப்பிட்டு 1956-இல் வெளியிட்டனர். உழைப்பு குறையக் குறையப் பசியும் குறையும் என்பதே பொதுவான எண்ணம். ஓரளவு வரை அது உண்மையாகவே இருந்தது. ஆனால் நாள் முழுதும் அமர்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிட மிகுதியாக உண்டனர், எடையும் கூடியிருந்தனர். உழைப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றுவிட்டால், தேவைக்கேற்ப உண்ணுமாறு உடல் தன்னைத் தானே நெறிப்படுத்தும் ஆற்றல் தளர்கிறது என்பது அவர்கள் கொண்ட கருத்து.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வயது வந்த ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பு தேவை. அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடும் உழைப்பு. இதனுடன் வாரத்தில் இரு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். 65 வயதைக் கடந்தோர் உடற்சமநிலையைக் காக்கும் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுத்தர உழைப்பை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு 100 அடி என்பது இதற்கு நெருங்கிய கணக்கு. கடைவீதியில் சரக்குகளைப் பார்த்தபடி ஊர்ந்து செல்வது இவ்வகையில் சேராது.

முந்தைய 2010-ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடம் இடைவிடாது உழைக்க வேண்டும் என்று விதித்திருந்தன. 2020-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. புறநகரிலிருந்து அலுவலகம் செல்வோருக்கு இம்மாற்றம் பெரிதும் பயன் தருவது. வீட்டிலிருந்து காட்கோபர் நிலையத்துக்கு 12 நிமிட நடை என்று கொள்வோம். போக வர 24 நிமிடம். வாரத்தில் ஐந்து நாளுக்கு 120 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நடந்தால் 150 நிமிடம் நிறைந்துவிடுகிறது. இதற்கென ஒரு நாளிலிருந்து தனியே எடுக்க வேண்டிய நேரம் சொற்பமே. மறுபுறம், அதே 12 நிமிடத்தை ஷேர் ஆட்டோவும், நிலையத்தின் படிகளை நகரும் படிக்கட்டும், அலுவலகத்தின் படிகளை மின்தூக்கியும் எடுத்துக்கொண்டால் வாரக் கணக்கு ஏறக்குறைய வெறுமையாகிவிடும். ஒவ்வொன்றும் மிகச் சிறிய வசதியாகவே தோன்றுவதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்ற கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. இதன் தோற்றுவாய் மருத்துவம் அன்று. 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடிக்கணிப்பானின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும். 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான கணிப்பின்படி, 60 வயதைக் கடந்தோருக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், இளையோருக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் ஆயுள் நலன் ஏறத்தாழ உச்சத்தை எட்டிவிடுகிறது. மிகக் குறைவாக நடப்பவர் கூடுதலாக நடக்கும் முதல் ஓரிரு ஆயிரம் அடிகளே மிகுந்த பயன் தருபவை. 10,000 எட்டவில்லை என்பதற்காக முயற்சியையே கைவிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

ஆயினும் 150 நிமிடம் என்பது அடித்தளமே. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்போரின் நிலை என்ன? பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, நீண்ட நேரம் அமர்வதால் கூடும் மரண அபாயத்தை ஈடுசெய்ய நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் நடுத்தர உழைப்பு வேண்டும் என்றது. அவ்வாய்வு மக்கள் தாமே கூறிய விவரங்களை நம்பி அமைந்தது. உடலில் பொருத்திய கருவிகளால் அளந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் இந்த அளவு 30 முதல் 40 நிமிடமாகக் குறைந்தது. தாம் செய்யும் பயிற்சியை மிகுத்துக் கூறுவது மனித இயல்பு போலும்! இரண்டையும் சேர்த்து நோக்கினால், மேசைப் பணியாளர் நாளுக்கு அரை மணி நேரத்தைக் குறைந்த அளவாகவும் ஒரு மணி நேரத்தை இலக்காகவும் கொள்வது பொருந்தும். இந்தியருக்கென மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 2012-இல் வகுத்த பரிந்துரையும் நாளுக்கு 60 நிமிடமே: 30 நிமிடம் விரைவு நடை போன்ற பயிற்சி, 15 நிமிடம் வேலையோடு இணைந்த அசைவு, 15 நிமிடம் தசை வலுவூட்டல். இந்த இறுதிப் பகுதிக்குப் பயிற்சிக்கூடம் தேவையில்லை. நம் முன்னோர் அறிந்த தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஒற்றை அறைக் குடியிருப்பிலும் இடம் உண்டு.

மெலிந்த உடலும் மறைந்த கொழுப்பும்

இந்தியருக்கு ஏன் கூடுதல் அளவு? புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டன் நாட்டு ஆய்வாளர் ஜான் யுட்கினுடன் தாமும் நின்ற ஒரு புகைப்படத்தை 2004-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு ஒருவருக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. தோற்றத்தில் மெலிந்திருப்பது இந்தியருக்குக் காப்பு ஆகாது. தசை குறைந்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஏற்கும் இடமும் குறைகிறது. தசை சுருங்கும்போது இன்சுலினின் துணையின்றியே சர்க்கரையை உள்ளிழுக்கும் என்பதால், உணவுக்குப் பின் சிறிது நடப்பதும் பயன் தருகிறது.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதில் முக்கியமானது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். உணவுக் கட்டுப்பாட்டுடன் நாளுக்கு 30 நிமிடமேனும் விரைந்து நடக்குமாறு ஒரு பிரிவினருக்கு அறிவுரை கூறப்பட்டது. ஏற்கெனவே அந்த அளவு நடப்போரும் உடலுழைப்பாளரும் தம் வழக்கத்தையே தொடர்ந்தால் போதும் என்று சொல்லப்பட்டது. மூன்றாண்டு முடிவில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினரும், இப்பிரிவில் 39.3 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். இதில் நடையின் பங்கையும் உணவின் பங்கையும் தனித்தனியே பிரிக்க இயலாது. ஆனால் குறிப்பிடத்தக்க எடைக் குறைவு இன்றியே இப்பயன் கிட்டியது. அரை மணி நடையால் 60 கிலோ எடையுள்ளவர் செலவிடுவது ஏறத்தாழ 100 கலோரிதான். நிலையத்து வாயிலில் உண்ணும் ஒரு வடாபாவ் அதனை வட்டியுடன் திருப்பித் தந்துவிடும். எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடுவோர், அதன் மெய்யான பயனை இழக்கின்றனர்.

பழக்கமில்லாத நடுத்தர வயதினர், குறிப்பாக நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நீரிழிவு உடையோர், மருத்துவரைக் கலந்துகொண்டு பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே முறை.

நடப்பதற்கு இடம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. நகரங்களில் இது 65 விழுக்காடு. பொழுதுபோக்காக உடற்பயிற்சியோ விளையாட்டோ மேற்கொண்டவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. பெண்களின் நிலை ஆண்களினும் பின்தங்கியதாகவே பொதுவாகக் காணப்படுகிறது. சமையலறையில் நின்றுகொண்டே கழியும் பொழுது, ரயிலில் நிற்பதைப் போலவே களைப்பைத் தருகிறது. உழைப்பின் பயனைத் தருவதில்லை.

எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதையும் காட்கோபரே காட்டுகிறது. மேற்குப் பகுதியில் அசல்பா குன்றின் சரிவில் அடுக்கடுக்காக அமைந்த வீடுகளில் வாழ்வோர் நாள்தோறும் செங்குத்தான படிகளில் ஏறி இறங்குகின்றனர். அடிவாரத்து அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பது நகைப்புக்கிடமாகும். அவர்களுக்குத் தேவை ஓய்வும் சத்துணவும். அறிவுரை தேவைப்படுவது அவர்கள் வேலை செய்யும் வீட்டிலுள்ளோருக்கே.

மத்திய அரசு 2019 ஆகஸ்டு 29-இல் 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைத் தொடங்கியது. அலுவலக நாற்காலியிலேயே செய்யத்தக்க 5 நிமிட யோக இடைவேளையை ஆயுஷ் அமைச்சகம் பரிந்துரைத்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் நிலையத்துக்கு நடந்து செல்ல விரும்புபவருக்கு நடைபாதை வேண்டும். தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமேனும் விடப்பட வேண்டும் என்பது இந்திய சாலைப் பேரவையின் நெறி. காட்கோபர் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை நேரத்தில் அத்தகைய 1.8 மீட்டரைத் தேடிச் செல்பவர், கடைகளுக்கும் வண்டிகளுக்கும் இடையே வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். 2014 ஜூன் மாதம் முதல் வெர்சோவா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபின், இந்நிலையத்தில் இறங்கி ஏறுவோர் கூட்டம் மேலும் பெருகியுள்ளது. மெட்ரோவுக்கு வருவோரில் பலர் கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்தே கடக்கக்கூடியவர்கள். அதற்கு வழி இருந்தால்.

இடம் கிடைத்தால் மக்கள் நடப்பார்களா என்ற ஐயத்துக்குச் சென்னையிலிருந்து விடை உண்டு. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களில் தொடங்கிய நகர மக்கள் ஆய்வில், திருமங்கலத்தில் உள்ள ஆசியாட் காலனியும் இடம்பெற்றது. நீரிழிவு, இதய நோய் பற்றி ஆய்வாளர்கள் எடுத்துரைத்தபின், அக்குடியிருப்பினர் தாமே நிதி திரட்டித் தங்கள் பகுதியில் ஒரு பூங்காவை அமைத்தனர். தொடக்கத்தில் வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காடு. பூங்கா வந்தபின் எடுக்கப்பட்டு, 2006-இல் வெளியான மறு கணக்கெடுப்பில் அது 58.7 விழுக்காடாக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் செய்தது நடைப்பயிற்சியே.