தோள் கோல் ஆகாது

"கோலைப் பிடிச்சா கால் வலு போயிடும்."

கச்சிராயப்பாளையத்தில் என் பெரியப்பா இதைச் சொல்லியே திண்ணையை விட்டு இறங்காமல் இருந்தார். உண்மை நேர்மாறு. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உட்கார்ந்தே கிடப்பதால்தான் தொடைச் சதை கரைகிறது. கோல் இருந்தால் நடப்பார். நடந்தால் வலு நிற்கும். அளவு மட்டும் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் பிடி இருக்க வேண்டும். இடது கால் வலித்தால் கோல் வலது கையில். பலர் வலிக்கிற பக்கமே பிடித்துப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று மூலையில் சாத்திவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சி டவுனில் டைல்ஸ் போட்ட வீட்டுக்கு நாலு கால் வாக்கர் ஒத்துவரும். கல்வராயன் மலையில் சரிவும் கல்லுமான வாசலில் அது தடுக்கிவிடும்; அங்கே கோல்தான்.

"பொண்டாட்டி தோள் இருக்கறப்ப கோல் எதுக்கு?"

எனக்கு மிகவும் பயம் தரும் நம்பிக்கை இதுதான். பாசமாகத் தெரிவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்தத் தோளுக்கும் வயது அறுபத்தைந்து. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் கணவர் சட்டென்று சாய்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவார்கள். இடுப்பெலும்பு யாருக்கு முறிந்தாலும் அந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகும். பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார்கள்.

கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் தப்பு. கணவருடைய தோள் மூட்டும் போகும், மனைவியுடைய முதுகும் போகும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலை மாற்றுங்கள், பாதி சிரமம் குறையும். உறுதியான கட்டிலின் ஓரத்துக்கு வந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, தன் கையையே ஊன்றி அவர் எழட்டும். மனைவி பக்கத்தில் நின்றால் போதும்.

"என்னை இன்னொருத்தர் குளிப்பாட்டறதா?"

இந்தக் கூச்சத்தை வீம்பு என்று தள்ளக் கூடாது. ஐம்பது வருஷம் தானே குளித்த உடம்பு. ஆனால் உதவி என்றால் முழுசாக ஒப்படைப்பது இல்லை. வழுக்காத தரையில் ஒரு முக்காலி, கைக்கெட்டும் இடத்தில் வாளி, சுவரில் ஒரு பிடிக்கம்பி. இடுப்பில் துண்டோடு அவரே குளிக்கட்டும். முதுகும் பாதமும் மட்டும் மனைவி. "முதல்ல தலைக்கு ஊத்தவா, முதுகு தேய்க்கவா?" என்று கேட்டுப் பாருங்கள். முடிவு அவர் கையில் இருந்தால் மறுப்பு தளரும்.

"ஊர் சிரிக்கும்."

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கலைஞர் சக்கர நாற்காலியிலேயே ஊர் ஊராகப் போனார். 2016 சட்டமன்றத் தேர்தலில் 91 வயதில் திருவாரூரில் வென்றார். பெரியார் கைத்தடியோடும் மூத்திரப் பையோடும் 94 வயது வரை மேடை ஏறினார். யாரும் சிரிக்கவில்லை.

காசு ஒரு தடையாக இருந்தால், 2017இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் 60 வயது கடந்த ஏழைகளுக்குக் கோல், வாக்கர், சக்கர நாற்காலி இலவசம். 2021 ஆகஸ்டில் வந்த தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சிகிச்சை தரும் பணியாளர் வரும்போது கோலின் உயரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மனைவி சொல்லிக் கேட்காதவர் அவர் சொன்னால் கேட்கலாம்.

பெரியப்பா விஷயத்தில் பெரியம்மா "கோல் பிடிங்க" என்று சொல்லவே இல்லை. "ஏங்க, தெருவுல நாய்த் தொல்லை, இதை எடுத்துட்டுப் போங்க" என்றுதான் வாசலில் வைத்தார். பெரியப்பாவுக்கும் புரிந்திருக்கும், ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ஆறு மாதம் கழித்து என்னிடம் கேட்டார்: "அடி ரப்பர் தேஞ்சு போச்சு, கள்ளக்குறிச்சி போனா வேற ஒண்ணு வாங்கிட்டு வா."