நண்பர்களுக்காக ஒரு வெப் ஹோஸ்டிங்: செலவும் பொறுப்பும்

வெப்சைட் வடிவமைக்கக் கற்றுக் கொண்ட பலருக்கும் அடுத்து வரும் ஆசை, தாமே ஒரு சர்வர் வைத்து மற்றவர்களின் தளங்களுக்கும் இடம் கொடுப்பது. மாமாவின் கடைக்கு ஒன்று, பழைய மாணவர் சங்கத்திற்கு ஒன்று என்று பதினைந்து இருபது தளங்கள் எளிதில் சேர்ந்துவிடும். அலுவலக வேலை முடிந்த பின் மாலையில் கவனித்துக் கொள்ளக்கூடிய பொழுதுபோக்குதான் இது. ஆனால் மற்றவர்களின் பைல்கள் உங்கள் கையில் இருக்கும். எனவே பணம் எங்கிருந்து வரும், நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்ற இரண்டையும் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எந்த சர்வர்?

வீட்டுக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் இதற்குச் சரிப்படாது. மின்சாரம் தடைப்படும், ஐ.பி. முகவரி மாறும். பல இணைப்புகளில் ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்து கொள்வதால், வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை அடையவே முடியாது. பெரிய சர்வர் ஒன்றை சாப்ட்வேர் மூலம் பல பங்குகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். இதற்கு வி.பி.எஸ். என்று பெயர். லினக்ஸ் நிறுவிய, 2 ஜி.பி. ராம், 40 ஜி.பி. டிஸ்க் உள்ள வி.பி.எஸ். ஒன்று இருபது சிறிய தளங்களைத் தாங்கும்.

மாதம் எவ்வளவு டேட்டா செலவாகும்? ஒரு பக்கம் 500 கே.பி. என்றும், நாளொன்றுக்கு 1,000 முறை அது திறக்கப்படுகிறது என்றும் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 500 எம்.பி.; மாதம் 15 ஜி.பி. சிறிய தளங்களில் பெரும்பாலானவை இந்த அளவைக்கூடத் தொடுவதில்லை. யாராவது வீடியோ பைல்களை ஏற்றினால்தான் கணக்கு உதைக்கும். வீடியோவுக்கு இடம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தளங்களை நிர்வகிக்க கண்ட்ரோல் பேனல் வேண்டும். பலருக்கும் பழக்கமான சி-பேனல், 2019-ல் அக்கவுண்ட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறைக்கு மாறியது. சிறிய அளவில் நடத்துபவர்களுக்கு இது சுமை. ஹெஸ்டியா, ஐ.எஸ்.பி. கன்ஃபிக் போன்ற ஓப்பன் சோர்ஸ் பேனல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எஸ்.எஸ்.எல். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது. அது குறுகிய காலத்திற்கே செல்லும் என்பதால், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

பணக் கணக்கு

விலைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குப் போடும் முறைக்காக ஓர் எடுத்துக்காட்டு:

வி.பி.எஸ். வாடகை, மாதம் ரூ.800 வீதம்: ரூ.9,600
வேறு இடத்தில் பேக்கப், மாதம் ரூ.200 வீதம்: ரூ.2,400
உங்கள் சேவைக்கான டொமைன்: ரூ.1,200
மூன்று மாத சர்வர், பேக்கப் செலவுக்கான இருப்பு: ரூ.3,000
முதல் ஆண்டு மொத்தம்: ரூ.16,200

18 தளங்கள் இருந்தால் ஒருவர் பங்கு ரூ.900. ஆறு பேர் தராமல் விட்டால் ரூ.5,400 உங்கள் பையிலிருந்து போகும். ஆகவே முழுத் தொகையையும் ஓராண்டுக்கு உங்களால் தாங்க முடியுமா என்று பார்த்துக் கொண்டு இறங்குங்கள். சர்வர் கட்டணம் டாலரில் என்றால் ரூபாய் மதிப்பு மாற்றத்தையும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பங்கை ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவது நல்லது. மாதம் 75 ரூபாய்க்காக நண்பரை நச்சரித்தால் நட்புதான் கெடும். நன்கொடையிலும் நடத்தலாம். 2013-ல் தொடங்கிய நியோசிட்டீஸ் என்ற தளம் எல்லோருக்கும் இலவச இடம் தருகிறது; விருப்பமுள்ளவர்கள் தரும் மாதச் சந்தா அதைத் தாங்குகிறது. கூட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் இந்த முறை எடுபடும். பதினெட்டுப் பேருக்குப் பங்குப் பணமே பொருத்தம். லாபம் வந்தால் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். வேலையில் இருப்பவர்கள், வெளி வேலை பற்றி நிறுவன ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

நடத்தும்போது

1. ஒவ்வொரு தளத்திற்கும் தனி யூசர் அக்கவுண்ட் கொடுங்கள். ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் மற்றவற்றுக்குப் பரவும் வாய்ப்பு குறையும்.
2. பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதி வைக்காதீர்கள். 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச சேவையிலிருந்து ஒரு கோடியே 30 லட்சத்திற்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் கசிந்தது 2015-ல் தெரிய வந்தது. பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே அதில் இருந்தன.
3. இமெயில் சர்வர் நடத்த வேண்டாம். ஒரே ஒரு தளத்திலிருந்து ஸ்பாம் கிளம்பினாலும் சர்வரின் ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலுக்குப் போய், எல்லோருடைய மெயிலும் நின்றுவிடும்.
4. தினமும் பேக்கப் எடுங்கள். அது அதே சர்வரில் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை ஒரு தளத்தை பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.
5. டொமைன் அவரவர் பெயரிலேயே பதிவாகட்டும். உங்கள் பெயரில் இருந்து, நீங்கள் புதுப்பிக்க மறந்தால் நஷ்டம் அவருக்கு.
6. இந்தியாவில் நடத்துபவர்கள், சர்வரில் ஊடுருவல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022-ம் ஆண்டு உத்தரவைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

மூடும் நாள்

1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸை 1999-ல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்கச் சேவையை மூடியபோது லட்சக்கணக்கானோரின் பக்கங்கள் காணாமல் போயின. தன்னார்வலர்கள் அவசரமாக நகலெடுத்துப் பெரும் பகுதியைக் காப்பாற்றினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே மூடும்போது, திருமணம், இடமாற்றம், வேலைப்பளு என்று ஆயிரம் காரணங்களால் நீங்களும் ஒருநாள் நிறுத்தலாம். அதில் தவறில்லை. சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

நிறுத்துவதற்கு 90 நாட்களுக்கு முன் அறிவிப்பு, கேட்டவருக்கு எல்லா பைல்களும் டேட்டாபேஸும் அடங்கிய ஒரே ஜிப் பைல் ஆகிய இரண்டையும் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பட்ஜெட்டில் ஒதுக்கிய ரூ.3,000 அந்த 90 நாட்களுக்கான பணம். வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடாதீர்கள். சர்வரின் பாஸ்வேர்டுகளும் பணம் கட்டும் விவரமும் நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்கட்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பதினெட்டுத் தளங்களும் ஓடிக் கொண்டிருக்க வேண்டும்.