வடசென்னைக்கு ஒரு வாரமேடை

கேள்வி: சிகாகோவில் மதுக்கூடத்தில் வாராவாரம் கவிதைப் போட்டி நடந்துவந்ததாமே, நம் ராயபுரம், எண்ணூர் பக்கம் ஏன் இல்லை?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் 1986-இல் 'கிரீன் மில்' மதுக்கூடத்தில் அதைத் தொடங்கினார். கேட்க வந்தவர்களில் சிலரே நடுவர்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். பண்டிதர் தயவின்றிக் கவிதை ஜனங்களுக்கு நேரே போய்ச் சேர்ந்தது. வடசென்னையில் அந்த வேலையைக் கானா பாட்டு எப்போதோ செய்துவிட்டது. சாவு வீட்டில் விடியவிடியப் பாடும் மரண கானாவில், இறந்தவரின் பெயரும் தொழிலும் உறவும் அங்கேயே பாட்டில் ஏறும். டோலக் இல்லையென்றால் மேசையில் தாளம். சுற்றி உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தத்தை விடக் கறாரான நடுவர் யார்?

கானாவில் ஆபாசமும் பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் உண்டே என்பார்கள். உண்டுதான், மூடி மறைக்கக் கூடாது. ஆண்களே மைக் பிடித்துவந்ததன் விளைவு அது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் முன்னெடுப்பில் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக் குழுவில் பாடிய ராயபுரத்துக் கானாப் பாடகி இசைவாணி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மைக் கை மாறினால் பாட்டும் மாறும்.

அதனால்தான் மதுக்கூடம் வேண்டாம் என்கிறேன். டாஸ்மாக் பாருக்குள் நம் பெண்களும் பிள்ளைகளும் எப்படி வருவார்கள்? மாநகராட்சி சமுதாயக் கூடத்தை வாரம் ஒரு மாலை பாட்டுக்கும் கவிதைக்கும் திறந்துவிடும்படி உங்கள் கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.